மெர்ல் டிராவிஸ் வரைந்து கொடுத்த கிட்டார்

எலெக்ட்ரிக் கிட்டாரைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், கிட்டார் பிரியர்களில் பெரும்பாலோர் இரண்டு பெயர்களில் ஒன்றைச் சொல்வார்கள். ஒன்று லியோ ஃபெண்டர், இல்லாவிட்டால் லெஸ் பால். இரண்டும் லட்சக்கணக்கான கிட்டார்களின் தலைப்பகுதியில் அச்சாகிக் கடைகளில் தொங்கும் பெயர்கள் என்பதால் அப்படிச் சொல்வது இயல்புதான். ஆனால் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் உள்ள கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், 1948-ல் செய்த ஒரு கிட்டார் இருக்கிறது. மேப்பிள் மரத்தில் செய்த மெல்லிய உடல். விரல்கள் கழுத்தின் அடிவரை எட்டும்படி உடலில் ஒரு பக்கம் மட்டும் வெட்டு. தந்திகளுக்குச் சுருதி கூட்டும் ஆறு டியூனிங் கீகளும் தலையின் ஒரே பக்கத்தில் வரிசையாக. விரல் வைத்து வாசிக்கும் ஃபிரெட் போர்டில் சீட்டுக்கட்டின் ஆர்ட்டின், டைமன், இஸ்பேடு, கிளாவர் சின்னங்கள் பதித்திருக்கின்றன. முகப்பில் உரிமையாளரின் பெயர்: மெர்ல் டிராவிஸ்.

ஃபெண்டர் கம்பெனியின் முதல் சாலிட் பாடி கிட்டார், அதாவது உள்ளே குடைவில்லாத திட உடல் கிட்டார், சந்தைக்கு வந்தது 1950-ல். கிப்சன் கம்பெனி லெஸ் பால் பெயரில் கிட்டார் வெளியிட்டது 1952-ல். டிராவிஸின் கிட்டாரைப் பார்த்துவிட்டு இந்த இரண்டையும் பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. கேள்விக்குப் போவதற்கு முன்னால் மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் இந்தக் கிட்டாருக்கு அந்த வடிவம் ஏன் வந்தது என்பதற்கான விடை, அவர் எந்த மேடையில் எந்த மாதிரி இசையை வாசித்தார் என்பதில்தான் இருக்கிறது.

மெர்ல் ராபர்ட் டிராவிஸ் 1917 நவம்பர் 29 அன்று கென்டக்கி மாநிலத்தின் மியூலன்பெர்க் கவுண்டியில் ரோஸ்வுட் என்ற சிற்றூரில் பிறந்தார். அது நிலக்கரிப் பூமி. அப்பா முதலில் புகையிலை பயிரிட்டவர், பிறகு சுரங்கத்துக்குப் போனவர். வீட்டில் பேன்ஜோ என்ற தந்திக் கருவி இருந்தது. அண்ணன் ஒருவர் கையால் செய்து கொடுத்ததுதான் மெர்லின் முதல் கிட்டார்.

அந்த வட்டாரத்தில் கிட்டார் வாசிப்பதற்கென்றே ஒரு தனி முறை இருந்தது. வலது கைக் கட்டைவிரல் கீழ்ச்சுருதித் தந்திகளில் மாறி மாறி அடித்துத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே நேரத்தில் ஆள்காட்டி விரல் மேல்சுருதித் தந்திகளில் மெட்டை வாசிக்கும். கேட்பவர்களுக்கு இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதுபோல இருக்கும். இந்த முறையின் வேரைத் தேடிப்போனால் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரிடம் போய் நிற்கும். அவர் சுரங்கத் தொழிலாளி, கிட்டாரும் ஃபிடிலும் வாசித்தவர், 1931-ல் இறந்துபோனார். அவருடைய இசை ஒலித்தட்டில் பதிவாகவில்லை. அவரிடமிருந்து கென்னடி ஜோன்ஸுக்கும், அங்கிருந்து மோஸ் ரேகர், ஐக் எவர்லி என்ற இருவருக்கும் அந்தக் கைவிரல் வித்தை வந்து சேர்ந்தது. இவர்களும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள்தான். ஐக் எவர்லியின் பிள்ளைகள்தான் பின்னாளில் புகழ்பெற்ற பாடகர் ஜோடியான எவர்லி பிரதர்ஸ். ரேகரும் எவர்லியும் வாசிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட பையன்தான் டிராவிஸ். இன்று உலகம் முழுக்க அந்த முறைக்கு 'டிராவிஸ் பிக்கிங்' என்று பெயர். கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்பதை டிராவிஸ் ஒருநாளும் மறைத்ததில்லை. ரேகரையும் எவர்லியையும் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெயருக்குள் ஷுல்ட்ஸும் இருக்கிறார் என்பதைக் கிட்டார் கற்பிக்கிறவர்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

1930களின் நடுவில் இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரில் ரேடியோவில் வாசித்து, அங்கிருந்து ஊர் ஊராகச் சுற்றும் குழுக்களில் சேர்ந்தார். அப்புறம் சின்சினாட்டி நகரின் டபிள்யூ.எல்.டபிள்யூ வானொலி. அமெரிக்காவின் பெரும்பகுதிக்குக் கேட்கும் அளவுக்குச் சக்திவாய்ந்த நிலையம் அது. ஜார்ஜியாவில் ஒரு கிராமத்துப் பையன் அந்த நிலையத்தில் டிராவிஸ் வாசிப்பதைக் கேட்டு அசந்துபோனான். ஒரே ஒரு விரலும் கட்டைவிரலும் சேர்ந்து இவ்வளவு செய்ய முடியும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. குறைந்தது மூன்று நான்கு விரல் இருக்கும் என்று நினைத்து, அப்படியே பழகிக்கொண்டான். அந்தப் பையன் செட் அட்கின்ஸ். நாஷ்வில் கிட்டார் இசையின் போக்கையே மாற்றியவர். ரேடியோவில் விரல்கள் தெரிந்திருந்தால் அட்கின்ஸின் பாணி வேறு மாதிரி ஆகியிருக்கும்.

1944-ல் டிராவிஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் வெஸ்டர்ன் ஸ்விங் அவரைப் பிடித்துக்கொண்டது.

வெஸ்டர்ன் ஸ்விங் என்பது 1930களில் டெக்சஸ், ஓக்லஹோமா பகுதிகளில் உருவான நடன இசை. கிராமத்து ஃபிடில் மெட்டு, ஜாஸ், ப்ளூஸ், போல்கா, மெக்சிகோ எல்லையோரப் பாட்டு எல்லாம் அதில் கலந்திருக்கும். ஃபோர்ட் வொர்த் நகரில் ஒரு மாவு கம்பெனியின் ரேடியோ விளம்பரத்துக்காகப் பாடிய லைட் கிரஸ்ட் டோபாய்ஸ் குழுவிலிருந்துதான் பாப் வில்ஸ், மில்டன் பிரவுன் என்ற இரண்டு பெரிய ஆட்கள் கிளம்பினார்கள். இந்த இசை உட்கார்ந்து கேட்பதற்கானது அல்ல, ஆடுவதற்கானது. ஜனங்கள் நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில், மரத்தளத்தில் காலைத் தட்டி ஆடும்போது எழும் சத்தத்தையும் மீறி மெட்டு கேட்க வேண்டும். ஃபிடில் ஒருவாறு கேட்கும். ஊதுகருவிகள் நன்றாகவே கேட்கும். டிரம்ஸ் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிட்டார்தான் பரிதாபம். தாளத்துக்கு உதவும், தனியாவர்த்தனம் வாசித்தால் முன்வரிசைக்கே எட்டாது.

அதனால்தான் மின்சாரத்தை முதலில் ஆவலோடு பிடித்துக்கொண்டவர்களில் வெஸ்டர்ன் ஸ்விங் கலைஞர்கள் முன்னணியில் இருந்தார்கள். மில்டன் பிரவுன் குழுவின் பாப் டன் 1935 ஜனவரியில் சிகாகோவில் எலெக்ட்ரிக் ஸ்டீல் கிட்டார் வாசித்துப் பதிவு செய்தார். ஒலித்தட்டில் ஏறிய மிக முந்தைய எலெக்ட்ரிக் கிட்டார் இசைகளில் அது ஒன்று. கேட்டால் கிட்டார் என்றே தோன்றாது, டிராம்போன்காரர் ஒருவர் உற்சாகத்தில் இருப்பதுபோல இருக்கும். மடியில் படுக்கவைத்து இரும்புத் துண்டை நகர்த்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டாருக்கு மின்சாரம் சீக்கிரமே பொருந்திவிட்டது. ஜார்ஜ் பீச்சம் உருவாக்கி ரிக்கன்பேக்கர் கம்பெனி 1932-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஃபிரையிங் பேன்' கிட்டார் முழுக்க அலுமினியம். உள்ளே குடைவே கிடையாது.

நிமிர்த்திப் பிடித்து வாசிக்கும் சாதாரணக் கிட்டாருக்கு அப்படி நடக்கவில்லை. உள்ளே குடைவான பழைய மரக்கூட்டின் மேலேயே, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் என்ற காந்தச் சுருளைப் பொருத்தினார்கள். இதில் இரண்டு தொல்லை. தந்தி அதிரும்போது அந்த அதிர்வின் சக்தியை மெல்லிய மேல்பலகை வாங்கிக் காற்றில் ஒலியாகப் பரப்பிவிடும். மின்சாரம் இல்லாத காலத்தில் அதுதான் கிட்டாரின் வேலையே. ஆனால் ஒலியைக் கொடுக்கத்தான் ஆம்ப் என்ற ஒலிபெருக்கி இருக்கிறதே. பலகை சக்தியை உறிஞ்ச உறிஞ்சத் தந்தி சீக்கிரம் அடங்கிவிடும், சுரம் நீளாது. இரண்டாவது தொல்லை இன்னும் மோசம். சத்தத்தைக் கூட்டினால் ஆம்பிலிருந்து வரும் ஒலி கிட்டார் கூட்டை அதிரவைக்கும், அந்த அதிர்வு மறுபடியும் பிக்கப் வழியாக ஆம்புக்குப் போகும், அங்கிருந்து திரும்பிவரும். கடைசியில் ஊளைச் சத்தம்தான் மிஞ்சும்.

போருக்குப் பிந்தைய தெற்குக் கலிபோர்னியாவில் இந்தத் தொல்லை நாள்தோறும் வந்தது. 1930களில் வறட்சியும் மண்புயலும் விரட்டியடித்த ஓக்லஹோமா, டெக்சஸ் குடும்பங்களும், போர்க்காலத்தில் விமானத் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்தவர்களும் அங்கே குவிந்திருந்தார்கள். சம்பளம் கையில் இருந்தது, ஊர் ஏக்கமும் இருந்தது. ஸ்பேட் கூலி, டெக்ஸ் வில்லியம்ஸ் போன்றவர்களின் பெரிய குழுக்கள் கடற்கரை நடனக்கூடங்களை நிறைத்தன. டிராவிஸ் இந்த உலகத்துக்கு நடுவே இருந்தார். கேப்பிட்டல் என்ற ஒலித்தட்டுக் கம்பெனிக்காக 1946, 1947-ல் அவர் பதிந்த பாட்டுகளில் டிரம்பெட்டும் அக்கார்டியனும் ஃபிடிலும் சேர்ந்து குதிக்கும். இரண்டு பாட்டுகள் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தன. டெக்ஸ் வில்லியம்ஸோடு சேர்ந்து எழுதிய சிகரெட் பாட்டு ஒன்று 1947-ல் பத்து லட்சம் தட்டுகள் விற்றது.

சரி, இப்போது கிட்டாருக்கு வருவோம். டிராவிஸுக்கு மோட்டார் சைக்கிள் பித்து. அந்தப் பித்து உள்ள இன்னொருவர் பால் பிக்ஸ்பி. 1899-ல் பிறந்த பிக்ஸ்பி முன்பு பந்தயத்தில் ஓட்டியவர். தொழிலில் பேட்டர்ன் மேக்கர், அதாவது உலோக வார்ப்புக்கான மர அச்சுகளைச் செய்பவர். குரோக்கர் என்ற உயர்ரக மோட்டார் சைக்கிளுக்காக வேலை செய்திருக்கிறார். மரத்திலும் உலோகத்திலும் ஒரே அளவு கைத்தேர்ச்சி உள்ள ஆள் கிடைப்பது அரிது, பிக்ஸ்பி அப்படிப்பட்டவர். டிராவிஸிடம் இருந்த கிப்சன் எல்-10 கிட்டாரில் சுரத்தை அலையவைக்கும் ஒரு கைப்பிடிக் கருவி இருந்தது. டாக் காஃப்மன் என்பவர் வடிவமைத்தது. அது தேய்ந்துபோய் ஒவ்வொரு முறையும் சுருதியைக் கெடுத்தது. சரிசெய்து தர முடியுமா என்று பிக்ஸ்பியிடம் கேட்டார். பழையதைப் பழுதுபார்ப்பதற்குப் பதிலாகப் புதிதாகவே ஒன்றை பிக்ஸ்பி செய்து கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைக்கும் கிட்டார்களில் பளபளக்கும் பிக்ஸ்பி வைப்ரேட்டோ.

அந்த வேலையைப் பார்த்தபிறகு டிராவிஸுக்குத் துணிச்சல் வந்தது. ஸ்டீல் கிட்டாரில் சுரம் நீண்டு நிற்கிறது, தன்னுடைய கிட்டாரில் சட்டென்று அடங்குகிறது, ஏன்? ஸ்டீல் கிட்டார் குடைவில்லாமல் திடமாக இருப்பதால்தான் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இயற்பியல் படித்துச் சொன்னதல்ல, ஒவ்வொரு ராத்திரியும் பக்கத்தில் ஸ்டீல் கிட்டார்காரர் வாசிப்பதைக் காதால் கேட்டுச் சொன்னது. படம் வரைந்து கொடுத்தால் அதைப் பார்த்துக் கிட்டார் செய்ய முடியுமா என்று பிக்ஸ்பியிடம் கேட்டார். தன்னால் எதையும் செய்ய முடியும் என்பதுதான் பிக்ஸ்பியின் பதில். பேசடீனா நகரின் ரேடியோ நிலையத்தில் கிடைத்த தாளிலேயே டிராவிஸ் வரைந்தார் என்பது அவரே பின்னாளில் எழுதிய விவரம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிராவிஸ் நன்றாகப் படம் வரைவார். கேலிச்சித்திரம் போடுவார், கைக்கடிகாரம் பழுதுபார்ப்பார். மனதில் இருப்பதைக் கோடாக மாற்றத் தெரிந்தவர். தனக்கு என்ன வேண்டும் என்று உணரும் இசைக்கலைஞர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அதைக் கைவினைஞர் ஒருவர் அளவெடுத்துச் செய்யும்படி தாளில் இறக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பேட்டர்ன் மேக்கரின் தொழிலே வரைபடத்தைப் பார்த்துப் பொருளைச் செய்வதுதான். வரையத் தெரிந்த கலைஞரும் வரைபடம் படிக்கத் தெரிந்த தொழிலாளியும் ஒரே ஊரில் சந்தித்துக்கொண்டதை நான் பெரிய அதிர்ஷ்டமாகவே நினைக்கிறேன்.

படத்தில் இருந்த ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. உடல் மெல்லியதாக, குடைவின்றி இருக்க வேண்டும். சுரம் நீளும், ஊளை அடங்கும், தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதும் எளிது. டியூனிங் கீகள் ஒரே பக்கம் இருந்தால் மேடையில் தந்தி அறுந்தால் மாற்றுவது சுலபம், எந்தக் கீ எந்தத் தந்திக்கு என்று தேட வேண்டியதில்லை. கழுத்தும் உடலின் நடுப்பகுதியும் ஒரே மரமாக ஓடும்படி பிக்ஸ்பி செய்தார். பிக்கப்பையும் அவரே சுற்றினார், அலுமினிய உறையையும் அவரே வார்த்தார். சீட்டுக்கட்டுச் சின்னங்கள் மட்டும் அழகுக்காக.

இந்தக் கிட்டார்தான் முதல் சாலிட் பாடி என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. ரிக்கன்பேக்கர் 1935-லேயே பேக்லைட் என்ற பிளாஸ்டிக்கில் கிட்டார் செய்தது. லெஸ் பால் 1940 வாக்கில் ஒரு மரக்கட்டையில் தந்தி கட்டி, பார்வைக்காக இரண்டு பக்கமும் பழைய கிட்டாரின் பாதிகளை ஒட்டி 'லாக்' என்று பெயர் வைத்தார். லியோ ஃபெண்டரே 1940களின் நடுவில் கரடுமுரடாக ஒன்றைச் செய்து ஊர்க்கலைஞர்களுக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறார். தலையில் ஒரே வரிசையாக கீ வைப்பதும் புதிதல்ல, 19-ஆம் நூற்றாண்டில் வியன்னாவின் ஸ்டாஃபர் கிட்டார்களிலேயே அது உண்டு. 1948 கிட்டாரின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. முந்தையவை எல்லாம் சோதனைப் பொருள்களாகவோ பாதிவழியில் நின்ற முயற்சிகளாகவோ இருந்தன. இது ஒரு முதல்தரக் கலைஞர் தினமும் மேடையில் வாசித்த முழுமையான கருவி. மெல்லிய திட உடல், ஒரு வெட்டு, ஒரே வரிசைக் கீ. இன்று எலெக்ட்ரிக் கிட்டார் என்றதும் மனதில் வரும் உருவம் அதில் ஏற்கெனவே இருக்கிறது.

லியோ ஃபெண்டர் அதைப் பார்த்துத்தான் செய்தாரா? அவருடைய கடை ஃபுல்லர்டன் நகரில். ரேடியோ பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கி, ஆம்பும் ஸ்டீல் கிட்டாரும் செய்யும் தொழிற்கூடமாக வளர்ந்திருந்தது. அவருடைய முதல் கூட்டாளி, டிராவிஸின் கிட்டாரில் தேய்ந்துபோன கைப்பிடியை வடிவமைத்த அதே டாக் காஃப்மன். வட்டம் அவ்வளவு சின்னது. ஃபெண்டர் தன் கிட்டாரைக் கொஞ்ச நாளைக்கு இரவல் வாங்கிப்போனதாக டிராவிஸ் சொன்னார். அதைப் பார்த்துச் செய்யவில்லை என்றார் ஃபெண்டர். தலையின் வடிவத்துக்குக் குரோஷிய நாட்டுப்புறக் கருவிகளை அவர் காரணம் காட்டினார். இரண்டு பேரும் இன்று இல்லை. ஆனாலும் 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலையை பிக்ஸ்பி கிட்டாரின் தலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றை ஒன்று அறியாமல் வரைந்தவை என்று நம்புவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதற்காக ஃபெண்டரின் சாதனை குறைந்துவிடாது. பிக்ஸ்பி ஒவ்வொன்றாகக் கையால் செய்தார், கேட்டவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். ஃபெண்டர் கழுத்தைத் தனியாகச் செய்து நான்கு திருகுகளால் உடலோடு பூட்டினார். கழுத்து வளைந்தால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். 1950-ல் வந்த பிராட்காஸ்டரின் விலை 169.95 டாலர். டிரம் கம்பெனி ஒன்று ஏறக்குறைய அதே பெயரைத் தன் டிரம்ஸுக்கு வைத்திருந்ததால், அடுத்த ஆண்டே பெயர் டெலிகாஸ்டர் ஆனது. ஃபெண்டரும் வாசிப்பவர்களைக் கேட்டுத்தான் செய்தார். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் ஓரங்கள் உடம்பில் குத்தாமல் வளைந்திருப்பதில் பில் கார்சன் என்ற வெஸ்டர்ன் ஸ்விங் கிட்டார்காரரின் யோசனைக்குப் பங்கு உண்டு. பாப் வில்ஸ் குழுவின் எல்டன் ஷாம்ப்ளின் 1954-லேயே ஒரு தங்கநிற ஸ்ட்ராட்டோகாஸ்டரை மேடையேற்றினார். ராக் இசையின் சின்னமாக நாம் நினைக்கும் அந்தக் கருவி, கவ்பாய் தொப்பி போட்டவர்கள் ஃபிடில்களுக்கு நடுவே நின்று வாசிப்பதற்காகச் செதுக்கப்பட்டது.

டிராவிஸின் இந்தப் பங்கு வெளியே தெரியாமல் போனதற்கு இன்னொரு காரணம், அவர் வேறொன்றால் புகழ்பெற்றுவிட்டார். 1946-ல் நாட்டுப்புறப் பாடல்கள் வேண்டும் என்று கேப்பிட்டல் கேட்டது. பழைய பாட்டு போதவில்லை என்று அவரே சில பாடல்களை எழுதினார். 'சிக்ஸ்டீன் டன்ஸ்', 'டார்க் ஆஸ் எ டன்ஜன்' இரண்டும் அப்படி வந்தவை. சுரங்கக் கம்பெனியின் கடையில் கடன் வாங்கி, சம்பளத்தை அங்கேயே கொட்டி, கடனிலேயே காலம் தள்ளும் வாழ்க்கையை அப்பாவின் வாயால் கேட்டு வளர்ந்தவர் அவர். தொகுப்பு அப்போது அதிகம் விற்கவில்லை. 1955-ல் டென்னசி எர்னி ஃபோர்ட் 'சிக்ஸ்டீன் டன்ஸ்' பாடியபோது நாடே அதைப் பாடியது.

அதற்குப் பிறகான ஆண்டுகளில் மதுவும் மாத்திரையும் மேடைப் பயமும் அவரை மிகவும் படுத்தின. ஆனாலும் இசை நிற்கவில்லை. ஹாங்க் தாம்ப்சனின் வெஸ்டர்ன் ஸ்விங் குழுவோடு வாசித்தார். 1974-ல் செட் அட்கின்ஸோடு சேர்ந்து வெளியிட்ட தொகுப்புக்கு கிராமி விருது கிடைத்தது. 1977-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கிடைத்தது. 1983 அக்டோபர் 20 அன்று ஓக்லஹோமாவில் காலமானார்.

ஒன்று சொல்ல வேண்டும். திடமான கிட்டாரை வரைந்து கேட்ட இந்த மனிதர் அதையே கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1952-ல் கிப்சன் அவருக்கென்றே சூப்பர் 400 என்ற பெரிய, குடைவான, மிக அலங்காரமான கிட்டாரைச் செய்து கொடுத்தது. அதன்பின் படங்களில் பெரும்பாலும் அதோடுதான் அவரைப் பார்க்கிறோம். கட்டைவிரலின் அதிரும் அடித்தாளத்துக்கு அந்தக் கூட்டின் ஒலி அவர் காதுக்கு இதமாக இருந்திருக்கலாம். மின்தந்தியின் நீண்ட சுரத்தை வைத்து அடுத்த தலைமுறை என்னென்னவோ செய்துகொண்டிருந்தபோது, அவர் மியூலன்பெர்க்கில் கற்ற பாணியிலேயே வாசித்துக்கொண்டிருந்தார்.

பால் பிக்ஸ்பி 1966-ல் தன் தொழிலை கிப்சன் கம்பெனியின் முன்னாள் தலைவர் டெட் மெக்கார்ட்டிக்கு விற்றார், 1968-ல் இறந்தார். மெக்கார்ட்டியிடமிருந்து அந்தப் பெயர் 1999-ல் கிரெட்ஷ் நிறுவனத்துக்குப் போனது. 2019-ல் அதை அங்கிருந்து வாங்கியது ஃபெண்டர்.